சாவிகள் பல, கை ஒன்று

2020 அக்டோபர் கடைசியில், பனியன் தொழிலில் 'காட்ஸ்' என்று அழைக்கப்படும் உலக இயற்கைத் துணித் தர அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலியாக இயற்கைச் சான்று போடப்பட்டிருக்கிறது என்றும், அதில் தொடர்புடைய 11 நிறுவனங்களுக்குச் சான்றுத் தடை விதிக்கப்படுகிறது என்றும் அது சொன்னது. மோசடி நடந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. அந்தச் சான்றிதழ்களில் க்யூஆர் குறியீடு இருந்தது. செல்பேசியைக் காட்டினால் அரசுத் தளம் போலவே ஒரு பக்கம் திறந்தது. அது அரசுத் தளம் அல்ல, அதே சாயலில் கட்டிய போலித் தளம். பஞ்சை வாங்கியவர் சரிபார்க்காமல் ஏமாறவில்லை. சரிபார்க்கும் இடமே மோசடிக்காரன் கட்டியதாக இருந்ததால் ஏமாந்தார்.

திருப்பூரைச் சுற்றி ஊத்துக்குளியிலிருந்து அவிநாசி வரைக்கும் இந்தச் செய்தியில் பாதிப்பில்லாதவர் குறைவு. ஸ்பின்னிங் மில்லில் நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று ஏழெட்டுக் கை மாறித்தான் ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டிசி, அதாவது பரிமாற்றச் சான்று. தொடக்கத்தில் ஜின்னிங் ஆலையில் பொய் நுழைந்துவிட்டால் அடுத்த ஏழு பேரும் நேர்மையாக இருந்தும் பயனில்லை. கடைசியில் பையரிடம் கைகட்டி நிற்பவர் திருப்பூர்க்காரர்தான்.

இதற்கு மருந்தாகத்தான் பிளாக்செயின் இப்போது இந்தத் தொழிலுக்குள் வருகிறது. இந்தியப் பருத்திக்கு 2020 அக்டோபர் 7 அன்று 'கஸ்தூரி' என்ற பெயர் சூட்டப்பட்டது. 2022 டிசம்பரில் இந்தியப் பருத்திக் கழகமும் பருத்தி ஜவுளி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவான டெக்ஸ்புரோசிலும் ஒப்பந்தம் போட்டு, பேல் ஒவ்வொன்றையும் க்யூஆர் குறியீடு, பிளாக்செயின் வழியே தடம் காணும் ஏற்பாட்டைத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம், வரும் ஆண்டுகளில் துணிமணிகளுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு கேட்கப்போகிறது. 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இதைத் தள்ளி வைக்க முடியாது. பேரேடு டிஜிட்டலாகப் போவது உறுதி. அந்தப் பேரேட்டின் சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதை மட்டும் யாரும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

பிளாக்செயின் என்பது பலர் தனித்தனியே வைத்திருக்கும் ஒரே பேரேடு. புதிய பதிவுகள் ஒரு கட்டாகச் சேர்ந்து வரும்போது, கையெழுத்து சரியா, ஒரே சரக்கை ஒருவர் இரண்டு முறை விற்கிறாரா, விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்த்து ஒப்புதல் தருகிறவரே சரிபார்ப்பாளர். தொழில்நுட்ப உலகில் வேலிடேட்டர் என்பார்கள். இது பெரும்பாலும் கணினி செய்யும் வேலை. அந்தக் கணினியை நடத்துகிறவர் யார், அதில் என்ன மென்பொருள் ஓடுகிறது, அது யாருடைய கட்டடத்தில் இருக்கிறது என்பவை மனிதர்கள் முடிவு செய்வது.

இதன் கணக்கு பழையது. 1982-இல் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும், ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகளில் சிலர் துரோகிகளாக இருந்தால் மற்றவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்ற புதிரை எடுத்துக்கொண்டார்கள். வாய்மொழித் தகவலை மட்டும் நம்பினால், துரோகிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்வரைதான் நேர்மையானவர்கள் ஒத்த முடிவுக்கு வர முடியும் என்று நிறுவினார்கள். மூவரில் ஒருவன் துரோகி என்றால் வழியில்லை. நால்வரில் ஒருவன் என்றால் உண்டு. பணத்தைப் பிணையாக வைத்தவர்களே சரிபார்க்கும் இன்றைய பங்குப்பிணை வகைப் பிளாக்செயின்கள் பலவும் இந்த மூன்றில் ஒரு பங்கு எல்லையின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தளபதிகள் தனித்தனி ஆட்கள். நான்கு கூடாரங்களிலும் ஒரே ஆள் வேடம் மாற்றி உட்கார்ந்திருந்தால் கணிதம் அவரைப் பிடிக்காது.

அப்படி நடந்தே விட்டது. வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் நிறுவனம் 'ஆக்சி இன்ஃபினிட்டி' என்ற இணைய விளையாட்டுக்காக ரோனின் என்ற பிளாக்செயினை நடத்தியது. அதில் சரிபார்ப்பாளர் ஒன்பது பேர். பணத்தை வெளியே எடுக்க ஐந்து பேரின் கையெழுத்து போதும். ஒன்பதில் ஐந்து என்பது காகிதத்தில் நல்ல கணக்குதான். ஆனால் ஒன்பதில் நான்கு இடங்கள் ஸ்கை மேவிஸுக்கே சொந்தம். ஐந்தாவது இடத்துக்கான வழி அதைவிட வேடிக்கை. 2021 நவம்பரில் பயனாளர் கூட்டம் தாங்க முடியாமல், அந்த விளையாட்டின் பயனாளர் அமைப்பு தன் சார்பில் கையெழுத்திட ஸ்கை மேவிஸுக்குத் தற்காலிக அனுமதி தந்தது. டிசம்பரில் அந்தத் தேவை முடிந்தது. அனுமதியைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றவில்லை.

2022 மார்ச் 23 அன்று, ஸ்கை மேவிஸின் கணினிகளுக்குள் நுழைந்தவர்களுக்கு நான்கு சாவிகளும் அந்த மறந்துபோன அனுமதி வழியாக ஐந்தாவதும் கிடைத்தன. ஈதர் என்ற டிஜிட்டல் நாணயம் 1,73,600-ம் 2.55 கோடி டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி நாணயமும் இரண்டே பரிமாற்றங்களில் போயின. திருட்டு வெளிவந்த நாளின் விலையில் மொத்த மதிப்பு 60 கோடி டாலருக்கு மேல். வடகொரியாவின் லாசரஸ் கும்பல்தான் இதைச் செய்தது என்று அமெரிக்க எஃப்பிஐ பின்னர் அறிவித்தது. திருட்டைவிட எனக்கு உறுத்துவது அதற்குப் பின் வந்த ஆறு நாட்கள். ஒரு பயனாளர் தன் 5,000 ஈதரை எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன மார்ச் 29 வரைக்கும், சரிபார்ப்பாளர் ஒன்பது பேரில் ஒருவருக்கும் பணம் போனது தெரியாது. மீதி நான்கு பேர் இருந்தார்களே, அவர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கையெழுத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரிபார்ப்பாளர் எண்ணிக்கையைப் பெருக்கினால் இது தீருமா? எத்தேரியம் வலையைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அது கணினிகள் புதிர் தீர்த்துப் போட்டியிடும் சுரங்க முறையைக் கைவிட்டுப் பங்குப்பிணை முறைக்கு வந்தது. 32 ஈதரைப் பிணையாக வைக்கும் எவரும் சரிபார்ப்பாளராகலாம். வீட்டிலிருக்கும் நடுத்தரக் கணினியே போதும். 2024-இல் சரிபார்ப்பாளர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, பிணைகளின் எண்ணிக்கை. ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கலாம். 2023-இல் லைடோ என்ற ஒரே சேவையின் வழியாக வந்த பிணை மட்டும் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, லாம்போர்ட் எல்லையை உரசும் அளவு. லைடோவின் உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட இயக்குநர்கள் தனித்தனியே கணினிகளை நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே அமைப்பின் வாக்கெடுப்பு. தன் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாமா என்று 2022-இல் அந்த அமைப்பு தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்பதே மிகப் பெரும்பான்மையின் பதில்.

ஆள் வேறாக இருந்தாலும் மென்பொருள் ஒன்றாக இருந்தால் அதுவும் ஒருவகையில் ஒரே ஆள்தான். 2024 ஜனவரியில் நெதர்மைண்ட் என்ற எத்தேரிய மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்த சரிபார்ப்பாளர்கள் சில மணி நேரம் நின்றுபோனார்கள். அவர்கள் சிறுபான்மை என்பதால் வலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே காலத்தில் பத்தில் ஏழெட்டுப் பேர் கெத் என்ற வேறொரு மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிழை அதில் வந்திருந்தால், பெரும்பான்மையே தவறான பேரேட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கக்கூடும். பிறகு சரியாக இருந்த சிறுபான்மையினர்தான் தவறு செய்தவர்களாகத் தெரிந்திருப்பார்கள். கட்டடத்துக்கும் இதே கதை. 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் சர்வர்களில் சொலானா வலையின் கணினிகளை முடக்கியது. சர்வரை வாடகைக்கு விடும் ஒரே நிறுவனத்தின் ஒரு முடிவில், அந்த வலையின் பிணைத்தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அன்றைக்கு இருளில் போனது. வலை நிற்கவில்லை. பங்கு இன்னும் கொஞ்சம் கூடி மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தால் நின்றிருக்கும்.

எத்தேரியத்தை வடிவமைத்தவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள். அவர்கள் வைத்த தண்டனை விதியே அதற்குச் சான்று. ஒரு சரிபார்ப்பாளர் தனியாக முரணான இரண்டு பதிவுகளுக்குக் கையெழுத்திட்டால் பிணையில் சிறு பகுதிதான் போகும். அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து அதைச் செய்தால் ஒவ்வொருவரின் முழுப் பிணையும் போகும். தவறுவது மன்னிக்கப்படுகிறது, சேர்ந்து தவறுவது மன்னிக்கப்படுவதில்லை. பரவலாக்கம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இந்த ஒரு விதி எனக்குத் தெளிவாகப் படுகிறது.

சுதந்திரமான சரிபார்ப்பாளரின் அசல் வேலை ஒப்புதல் தருவதில் இல்லை. ஒப்புதல் தரக் கணினி போதும். வெளியிலிருந்து ஓர் அழுத்தம் வரும்போது மறுக்க முடிகிறதா என்பதில்தான் அது தெரியும். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத்துறை பணத்தின் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற சேவைக்குத் தடை விதித்தது. அதோடு தொடர்புள்ள பரிமாற்றங்களை ஒதுக்கிவைத்துக் கட்டுகளைத் தயாரிக்கும் இடைத்தரகர்கள் பெருகினார்கள். அந்த நவம்பரில் எத்தேரியத்தில் எழுதப்பட்ட கட்டுகளில் பத்தில் ஏழுக்கு மேல் அப்படிப்பட்டவை. ஆனாலும் அந்தப் பரிமாற்றங்கள் நின்றுவிடவில்லை, தாமதமாயின. மீதி இரண்டு மூன்று பங்கில் இருந்தவர்கள், பலர் வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது அவற்றைச் சேர்த்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே 2024 நவம்பரில் கருவூலத்துறையின் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது, 2025 மார்ச்சில் தடையும் நீங்கியது. இங்கே பார்க்க வேண்டியது, பேரேட்டைத் திறந்து வைத்தது பெரும்பான்மை அல்ல என்பதுதான்.

இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். 2017-இல் ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கி இன்று பாலிகன் ஆகியிருக்கும் வலையில் சரிபார்ப்பாளருக்கு நூற்றுச் சொச்சம் இடங்கள்தான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் எட்டாபள்ளி வட்டத்து மக்களின் 65,000 சாதிச் சான்றிதழ்களை 2022-இல் பதிந்தது இதன் மேல்தான். பொது வலையில் பதிந்ததால் யாரும் சரிபார்க்கலாம். இது நல்ல தேர்வு. ஆனால் அதே காலத்தில் பாலிகனின் முக்கிய ஒப்பந்த நிரல்களை மாற்றும் அதிகாரம் எட்டுப் பேரில் ஐந்து பேர் கையெழுத்தில் அடங்கியிருந்தது என்ற விமர்சனமும் எழுந்தது. வாசலில் நூறு காவலர்கள் இருக்க, பின்வாசல் சாவி எட்டுப் பேரிடம்.

அரசின் ஏற்பாடுகள் இன்னும் இறுக்கமானவை. தமிழ்நாடு 2020 செப்டம்பரிலேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற கட்டமைப்பையும் மின் ஆளுமை முகமை உருவாக்கியது. மத்திய அரசு 2024 செப்டம்பர் 4 அன்று 'விஷ்வஸ்யா' என்ற பிளாக்செயின் அடுக்கைத் தொடங்கியது. அதை உருவாக்கியதில் சென்னையின் செட்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் என்று மூன்று ஊர்களில் அதன் கணினிகள் இருக்கின்றன. மூன்றும் தேசியத் தகவல் மையத்தின் தரவு மையங்கள். ஹைதராபாத்தில் வெள்ளம் வந்தால் புனே காப்பாற்றும். தகவல் மையத்துக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தால் மூன்றும் ஒன்றாகத் தலையாட்டும். இதைப் பாதுகாப்பான காப்புப்பிரதி என்று சொல்லலாம், பரவலாக்கம் என்று சொல்லக்கூடாது. அரசுச் சான்றிதழுக்கு அது போதுமானதாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் சான்று தருகிறதே அரசுதான். பஞ்சு மூட்டைக்கு அது போதாது.

சுதந்திரமான சரிபார்ப்பு என்றால் என்ன என்று ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர்களுக்கு கணினி உலகம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குத் தெற்கே ஓடும் நொய்யலில் அதை நாம் கண்முன் பார்த்திருக்கிறோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன, ஆய்வக அறிக்கைகள் இருந்தன, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வை இருந்தது. தாளில் எல்லாம் ஒழுங்கு. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தாளுக்கு ஒப்புதல் தர மறுத்தவர்கள் கீழ்மடை விவசாயிகள். நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் கழிவை முற்றாக நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதக் கெடு கொடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது.

அந்த மூடல் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்பதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்கு விவசாயிகளைக் குறைசொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 'கழிவே வெளியேறாத சாயப்பட்டறை' என்று திருப்பூர் இன்று ஐரோப்பிய பையர்களிடம் பெருமையாகக் காட்டும் தகுதி அந்த மறுப்பிலிருந்து வந்ததுதான். அந்த விவசாயிகளிடம் இருந்தவை மூன்று. சாயப்பட்டறையின் லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அளந்து பார்க்க அவர்களுடைய கிணறே இருந்தது, ஆய்வகத்தின் தாளை நம்ப வேண்டியதில்லை. மறுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க நீதிமன்றம் என்ற தனி வாசல் இருந்தது. எந்தச் சரிபார்ப்பாளரிடமும் இந்த மூன்றையும் தேடலாம்: தனி நலன், தனிக் கருவி, தனி வாசல்.

இப்போது ஜவுளித் தடம் காணும் பிளாக்செயின்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். இத்தகைய ஏற்பாடுகளில் வழக்கமாகச் சரிபார்க்கும் கணினிகளை மென்பொருள் நிறுவனமோ, அதற்குப் பணம் கட்டும் பெரிய பிராண்டோ நடத்துகிறது. மில்லும் நிட்டிங் யூனிட்டும் விவரத்தை உள்ளிடுவதோடு சரி. தங்கள் பதிவின் நகல்கூட அவர்கள் கணினியில் இருக்காது. நாளை ஒரு தகராறு வந்தால், பேரேட்டைக் காட்டுகிறவரே எதிர்த்தரப்பு. 2020-இல் போலித் தளத்தின் முன் நின்ற அதே நிலைதான், சர்வர் மட்டும் நவீனமானது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் கப்பல் சரக்குக்குக் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் இப்படித்தான் போனது. ஒரு கப்பல் நிறுவனம் கூட்டுச்சேர்ந்து நடத்திய பேரேட்டில் போட்டியாளர்கள் பலர் முழுமனதோடு சேரவில்லை. 2022 நவம்பரில் உலகளாவிய ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி, அடுத்த ஆண்டு மூடினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

ஓர் எல்லையை மறைக்கக் கூடாது. எத்தனை சுதந்திரமான சரிபார்ப்பாளர் இருந்தாலும் பேரேட்டுக்குப் பஞ்சு தெரியாது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியின் பெயரை வெளியூர் வெண்ணெயில் ஒட்டிவிட்டுப் பதிவேற்றினால், அந்தப் பொய்யை அழிக்க முடியாதபடி பத்திரமாக வைத்திருக்கும். சரிபார்ப்பாளர் காப்பது பதிவின் வரிசையையும் நேர்மையையும்தான். ஆனால் 20,000 டன் மோசடியில் ஒரு பெரும் பங்கு பதிவிலேயே நடந்தது. விளைந்ததைவிட விற்றது அதிகமாகும் கணக்கை, தன் நகலை வைத்திருக்கும் எவரும் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நகல் இல்லாதவர் எதைக் கூட்டுவார்?

யாரைச் சரிபார்ப்பாளராக வைக்கலாம்? திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், கோவையின் தென்னிந்திய மில்கள் சங்கம், வேளாண் பல்கலைக்கழகம், தொழிற்சங்கங்கள், பையர்களின் கூட்டமைப்பு ஒன்று என்று பட்டியல் போடுவது எளிது. மூடிய வலையில் ஒரு கணினியை நடத்தும் செலவு ஒரு சங்கத்துக்குப் பெரிய சுமையல்ல. ஆனால் இவர்களில் பலருக்கும் சரக்கு விற்றாக வேண்டும் என்ற ஒரே நலன் இருக்கிறது. ஆகவே முதல் இருக்கையை நான் உண்மையாகவே இயற்கைப் பருத்தி விளைவிக்கும் விவசாயிகளின் உற்பத்தியாளர் குழுக்களுக்குக் கொடுப்பேன். போலி ஒரு டன் சந்தைக்கு வந்தால் விலை விழுவது அவர்கள் பருத்திக்குத்தான். நொய்யல் ஆயக்கட்டுதாரர் நின்ற அதே இடத்தில் இந்தச் சங்கிலியில் நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு கணினியும் அதை நடத்தத் தெரிந்த ஒரு பட்டதாரிப் பிள்ளையும், விதியை மாற்றும் வாக்கெடுப்பில் தடுக்கும் ஓட்டும் கொடுக்காத எந்த ஏற்பாடும் பரவலாக்கம் என்று பேசத் தகுதியில்லாதது.

தடம் காணும் மென்பொருளை விற்க உங்கள் கம்பெனிக்கு ஆள் வரும்போது, செயலியின் திரையைப் பார்ப்பதற்கு முன் நான்கைக் கேளுங்கள். சரிபார்க்கும் கணினிகள் எத்தனை, ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம்? விதியையும் நிரலையும் மாற்ற எத்தனை பேர் கையெழுத்து, அவர்களில் உங்கள் சம்பளம் வாங்காதவர் எத்தனை பேர்? எங்கள் பதிவுகளின் முழு நகல் எங்கள் கணினியில் இருக்குமா? நீங்கள் கடையை மூடினால் பேரேடு என்னவாகும்? பதில் எழுத்தில் வராவிட்டால், அவர் விற்பது சாதாரணத் தரவுத்தளம். அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.